பந்தயத்துக்கு மூடிய வீதிகள்

கொழும்பு மருதானையில் மோட்டார் வாகனத்தைப் பற்றிப் பேச வருகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவனைவிட அதிகம் தெரியும். இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பஞ்சிகாவத்தை. கூரை முட்ட அடுக்கிய முன்விளக்குகள், கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட பெல்ட்டுகள், ஒரு கியர்ச் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததும் அது எந்தக் காலத்துக் கொரொல்லாவினுடையது என்று சொல்லிவிடும் முதலாளிமார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு நாட்டை இறுக்கிப் பிடித்திருந்தபோது, ஓஸ்டினையும் மொரிஸ் மைனரையும் ஓய்வெடுக்க விடாமல் ஓட வைத்தவர்கள் இந்தப் பக்கத்து மனிதர்கள். அந்த வியாபாரத்திலே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒருவருடைய நினைவாகத்தான் இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறது. ஆகவே தலைப்பை மோட்டாரிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் எஞ்சினுக்குள் கை வைக்கப் போவதில்லை. அதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். பொது வீதியிலே கார்ப் பந்தயம் வைக்க வேண்டுமென்றால் முதலில் அந்த வீதியை மூட வேண்டும். மூடச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது, ஒதுங்கி நில் என்று யாருக்குச் சொன்னார்கள், அவர்கள் ஒதுங்காதபோது என்ன நடந்தது என்பதுதான் இன்று என் விஷயம். பந்தய வரலாறு எழுதுகிறவர்கள் சாரதியையும் வண்டியையும் வேகத்தையும் எழுதுவார்கள். வீதியோரத்தில் நின்றவர்களைத் துணைப் பாத்திரங்களாக்கிவிடுவார்கள். எனக்கோ அவர்கள்தான் கதையை நடத்திச் சென்றவர்களாகத் தெரிகிறார்கள்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். 1895 நவம்பர் 28, சிகாகோ நகரம். டைம்ஸ்-ஹெரல்ட் என்ற பத்திரிகை 2,000 டொலர் முதல் பரிசு அறிவித்துக் குதிரையில்லா வண்டிகளுக்கு ஒரு பந்தயம் வைத்தது. சிகாகோவிலிருந்து எவன்ஸ்டன் போய்த் திரும்ப வேண்டும், மொத்தம் 54 மைல். நமது கணக்கில் கொழும்பிலிருந்து கேகாலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம். முதல்நாள்வரை பனி கொட்டி வீதியெல்லாம் சேறும் பனியுமாகக் கிடந்தது. புறப்பட்டவை ஆறு வண்டிகள், அவற்றுள் இரண்டு மின்சாரத்தில் ஓடியவை. திரும்பி வந்தவை இரண்டே இரண்டு. முதலில் வந்தவர் ஃபிராங்க் டூரியே. வழியில் பழுதாகி, பட்டறையில் தட்டிச் சீராக்கிக்கொண்டு, பத்து மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து வந்து சேர்ந்தார். இரண்டாவதாக வந்த பென்ஸ் வண்டியின் கதை இன்னும் நல்லது. அதை ஓட்டிய மியூலர் குளிரிலும் களைப்பிலும் மயங்கிவிட, கண்காணிக்க ஏறியிருந்த நடுவர் சார்ள்ஸ் கிங் ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வண்டியை ஓட்டி முடித்தார்.

நான் கவனிக்கச் சொல்வது இதற்கு மூன்று நான்கு வாரம் முந்திய ஒரு சம்பவத்தை. நவம்பர் 2ஆம் திகதியன்று ஒரு முன்னோட்ட ஓட்டம் வைத்தார்கள். அதில் இதே டூரியே எதிரே வந்த ஒரு விவசாயியின் குதிரை வண்டிக்கு வழிவிடப் போய்ப் பள்ளத்தில் விழுந்தார். எல்வுட் ஹெய்ன்ஸ் என்ற இன்னொரு வண்டிக்காரரைப் பொலிஸ்காரர் நகரத்து அழகு வீதியிலிருந்து வெளியே போகச் சொன்னார். அந்த ஆண்டில் வீதியின் சொந்தக்காரன் விவசாயிதான். காருக்கு அங்கே விருந்தாளி என்ற அந்தஸ்துகூடக் கிடையாது. ஒன்பதே வருடத்தில் இது தலைகீழாயிற்று.

நடுவிலே ஐரோப்பாவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நமது இலங்கைக் கதைக்கு அது வேண்டும். பிரான்சிலே 1894 தொடக்கம் நகருக்கு நகர் ஓடும் பந்தயங்கள் நடந்தன. 1903 மே மாதம் பாரிஸ்–மட்ரிட் பந்தயம் இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகளோடு கிளம்பியது. வழி நெடுக இலட்சக்கணக்கான சனம். புழுதியில் முன்னால் போகும் வண்டி தெரியாது, புழுதி விலகுமுன் சனம் வீதிக்குள் இறங்கிவிடும். போட்டியாளர்களும் பார்க்க நின்றவர்களும் செத்தார்கள். ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ அதிலேதான் மாண்டார். போர்தோவில் அரசாங்கம் பந்தயத்தை நிறுத்தியது. எஞ்சினை இயக்கவும் விடாமல் கார்களைக் குதிரைகட்டி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள்.

பிரித்தானியா இன்னொரு வழியில் போயிற்று. அங்கே வேக வரம்பு கடுமை, பொது வீதியில் பந்தயத்துக்கு இடமேயில்லை. 1903இல் கோர்டன் பெனட் கிண்ணப் போட்டியை நடத்தும் முறை அவர்களுக்கு வந்தபோது, அயர்லாந்துக்கென்று தனியாக ஒரு சட்டம் நிறைவேற்றி, கில்டேர் பகுதி வீதிகளை ஒரு நாளைக்கு மூடி அங்கே ஓடவிட்டார்கள். மான் தீவின் பாராளுமன்றம் 1904இல் அதேபோல ஒரு சட்டம் செய்தது. அந்தத் தீவின் வீதிகளில் இன்றைக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடப்பது அந்த மரபின்படிதான். இங்கிலாந்தின் பெருநிலத்தில் மட்டும் வீதியை மூட மனமில்லை. ஆகவே 1907இல் ப்ரூக்லண்ட்ஸில் தனிப் பாதை கட்டினார்கள். தலைநகருக்குப் பக்கத்தில் வேண்டாம், அயர்லாந்திலோ தீவிலோ ஓடட்டும் என்று நினைத்த அந்தப் புத்தியை மறந்துவிடாதீர்கள்.

இனி லோங் ஐலண்ட். நியூயோர்க்குக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் தீவு. அன்று அங்கே உருளைக்கிழங்குத் தோட்டங்களும் கோழிப்பண்ணைகளும் இடையிடையே கோடீஸ்வரர்களின் மாளிகைகளும் இருந்தன. வில்லியம் வாண்டர்பில்ட் இளையவருக்கு 1904இல் வயது 26. ரயில் பாதைகளால் பெரும் பணம் சேர்த்த குடும்பத்தின் நான்காம் தலைமுறை. அந்த ஆண்டு ஜனவரியில் புளோரிடாக் கடற்கரை மணலில் மணிக்கு 92 மைல் வேகத்தில் ஓட்டி உலக சாதனை வைத்திருந்தார். பிரெஞ்சுக்காரனைப்போல அமெரிக்கனும் கார் செய்யப் பழக வேண்டும் என்று சொல்லி ஒரு வெள்ளிக் கிண்ணத்தை வைத்தார். நாசோ மாவட்டத்தின் மேற்பார்வையாளர் சபை வீதிகளை மூட இணங்கியது. ஊர்ச் சனம் சங்கம் சேர்த்து எதிர்த்தது, நீதிமன்றத்துக்கும் போனது. தடை கிடைக்கவில்லை. சனம் தினமும் நடக்கிற வீதி, பால் வண்டி போகிற வீதி, ஒரு இளைஞனின் பந்தயத்துக்காக ஒரு நாள் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

புழுதி அடங்குவதற்காகப் பாதை முழுவதும் கச்சா எண்ணெய் ஊற்றினார்கள், 90,000 கலன் அளவுக்கு. ஊரெல்லாம் அறிவித்தல் ஒட்டினார்கள்: நாயைக் கட்டிப் போடுங்கள், கோழியைக் கூட்டில் அடையுங்கள், பிள்ளைகளை வீதிக்கு விடாதீர்கள் என்ற பொருளில். பந்தய நாள் ஒக்டோபர் 8. விடியற்காலை ஆறு மணிக்குத் தொடக்கம் என்பதால் சனம் முதல்நாள் இரவே விசேட ரயில்களில் வந்து இறங்கியது. ஒரு சுற்று ஏறத்தாழ 28 மைல், பத்துச் சுற்று. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டியாக அனுப்புவார்கள். அதனால் வீதியில் முன்னே தெரிகிறவர்தான் உண்மையில் முன்னே நிற்கிறவர் என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கார்களில் இரண்டு பேர் இருப்பார்கள். ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் மெக்கானிக் ஒருவர். மெக்கானிக்குக்குக் கதவில்லை, பெல்ட்டில்லை, சரியான இருக்கைகூட இல்லை. ஒரு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறு கையால் எண்ணெயும் பெற்றோல் அழுத்தமும் குறையாமல் பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துச் சாரதியின் தோளில் தட்டிச் சொல்ல வேண்டும். டயர் வெடித்தால் குதித்து இறங்கி, றிம்மிலிருந்து கொதிக்கக் கொதிக்க ரப்பரைக் கத்தியால் அறுத்தெறிந்து புதியதைப் போட வேண்டும். அந்த 1904 பந்தயத்தில் செத்தவர் அப்படி ஒரு மெக்கானிக்தான். கார்ல் மென்ஸல் என்று பெயர். கார் கோடீஸ்வரரான ஜோர்ஜ் அரெண்ட்ஸினுடையது, ஓட்டியவரும் அவரே. டயர் கழன்று வண்டி புரண்டது. அரெண்ட்ஸ் காயத்தோடு பிழைத்தார். பஞ்சிகாவத்தைப் பக்கத்தில் பேசுகிறேன் என்பதால் இந்தப் பெயரை அழுத்திச் சொல்கிறேன். கிண்ணத்தில் மென்ஸல் போன்றவர்களின் பெயர் வெட்டப்படுவதில்லை.

வென்றவர் ஜோர்ஜ் ஹீத். பாரிசில் குடியிருந்த அமெரிக்கர், ஓட்டியது பிரெஞ்சுப் பன்ஹார்ட். ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் ஓடி, இரண்டாமவரை ஒன்றரை நிமிட வித்தியாசத்தில் வென்றார். அவ்விருவரும் கோட்டைக் கடந்ததுதான் தாமதம், சனம் வீதிக்குள் இறங்கிவிட்டது. பின்னால் இன்னும் கார்கள் வந்துகொண்டிருந்தன. பந்தயத்தை அத்தோடு முடிக்க வேண்டியதாயிற்று.

இதை வாசிக்கும்போது எனக்கு ஆடிவேல்தான் நினைவுக்கு வரும். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே வேல் இரதம் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வருகிறபோது வீதி மூடப்படுகிறது என்று யாரும் நினைப்பதில்லை, வீதி நிறைகிறது என்றுதான் நினைப்போம். சனம் இரதத்தை ஒட்டியே நடக்கும். குழந்தையைத் தூக்கிக் காட்டும், சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்த் தேங்காய் உடைக்கும். இரதம் ஆள் நடக்கிற வேகத்தில் வருவதால் அது சரி. லோங் ஐலண்டில் நின்றவர்களும் அப்படித்தான் நின்றார்கள். கண்முன்னே வருவது மணிக்கு எண்பது, தொண்ணூறு மைல் வேகத்தில் வருகிறது என்பதை மனித உடம்பு அன்றுவரை அறிந்ததில்லை. குதிரை வரும்போது எவ்வளவு நேரத்தில் விலக வேண்டும் என்று காலுக்குத் தெரியும். கார் வரும்போது தெரியவில்லை. சாரதிகளும் இதையே சொல்லிப் புலம்பினார்கள்: தூரத்தில் வீதியே தெரியாது, சனச் சுவர்தான் தெரியும், நாங்கள் அந்தச் சுவரைப் பார்த்து ஓட்டுவோம், கடைசிக் கணத்தில் அது பிளக்கும்.

1905இலும் 1906இலும் பிரெஞ்சு டராக் கார்களே வென்றன. 1905 பந்தயத்தில் முன்னணியில் இருந்த இத்தாலியர் வின்சென்சோ லான்சியா, வீதியோரம் நின்றுவிட்டுத் திரும்பப் புகும்போது வோல்டர் கிறிஸ்டியின் கார் மோதி வெற்றியை இழந்தார்.

1906இல் கூட்டம் இரண்டரை இலட்சத்தைத் தாண்டியதாகச் சொன்னார்கள். ஆபத்தான இடங்களில் கம்பி வேலி போட்டிருந்தார்கள், சனம் அதைத் தாண்டிக்கொண்டு வந்தது. எலியட் ஷெப்பர்ட் ஓட்டிய கார் கேர்ட் குருனர் என்பவரை அடித்துக் கொன்றது. ஷெப்பர்ட் வாண்டர்பில்ட்டின் மைத்துனர் முறை. மறு ஆண்டு பந்தயமே நடக்கவில்லை.

அப்போது வாண்டர்பில்ட் செய்தது என்னவென்றால், சனத்தை வீதியிலிருந்து விலக்க முடியாதென்றால் சனமில்லாத வீதியொன்றை வாங்கிக்கொள்வது. பணக்கார நண்பர்களைச் சேர்த்துக் கம்பனி அமைத்துக் காணி வாங்கி, லோங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே என்ற தனியார் பாதையைக் கட்டினார். கம்பி வைத்த கொங்கிறீட் தளம், மற்ற வீதிகளைக் குறுக்கே வெட்டாமல் பாலத்தால் கடப்பது, காருக்கு மட்டும் அனுமதி. நம் தென் அதிவேகப் பாதையில் இன்று பார்க்கிற அநேக அம்சங்கள் 1908இலேயே அங்கே இருந்தன, கட்டணச் சாவடி உட்பட. கட்டணம் இரண்டு டொலர். அன்றைய கூலியாள் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளத்தைவிட அதிகம். 1938இல் வரி கட்ட முடியாமல் அந்தப் பாதை அரசாங்கத்தின் கைக்குப் போய் மூடப்பட்டது.

ஆனால் பார்க்வே முழுச் சுற்றுக்குப் போதவில்லை. 1908 பந்தயம் பாதி பார்க்வேயிலும் பாதி பொது வீதியிலுமாக ஓடிற்று. அந்த முறைதான் முதன்முதலாக அமெரிக்கக் கார் வென்றது. ஜோர்ஜ் ரொபர்ட்சன் ஓட்டிய லோக்கோமொபில், இலக்கம் 16. 1906இல் செய்த அதே கார். இன்று ஹென்றி ஃபோர்ட் நூதனசாலையில் இருக்கிறது. வெற்றி தெரிந்ததும் மறுபடியும் சனம் பாதையில், மறுபடியும் பந்தயம் இடையில் நின்றது. 1910 பந்தயத்தில் மெக்கானிக்குகள் செத்தார்கள், பலருக்குக் காயம். அதோடு லோங் ஐலண்டில் அந்தக் கிண்ணத்தின் வீதிப் பந்தயம் முடிந்தது.

கிண்ணம் தெற்கே ஜோர்ஜியா மாநிலத்துக்குப் போயிற்று. சவான்னா நகரம் 1908இலிருந்தே பெரும் பரிசுப் போட்டியை நடத்தி வந்தது. முதல் ஆண்டில் லூயி வாக்னர் ஃபியட் காரில், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, 56 செக்கன் வித்தியாசத்தில் வென்றார். அமெரிக்காவில் அதுவரை இவ்வளவு நல்ல பாதை இருந்ததில்லை என்று ஐரோப்பியச் சாரதிகளே மெச்சினார்கள். பாதை நன்றாக இருந்ததற்கும் சனம் ஒழுங்காக நின்றதற்கும் காரணம் உண்டு. பாதையைச் சரளை போட்டுச் சீர்செய்தவர்கள் மாவட்டத்துச் சிறைக் கைதிகள். அன்றைய ஜோர்ஜியாவில் அப்படி வீதி வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சனத்தை ஒதுக்கி நிறுத்தியது துப்பாக்கி ஏந்திய மாநிலத் துருப்பு. லோங் ஐலண்டில் பணத்தால் முடியாதது சவான்னாவில் துப்பாக்கியால் முடிந்தது. ஆனாலும் 1911க்குப் பிறகு ஊரவர்களே போதும் என்றார்கள். நாட்கணக்கில் வீதியை மூடுவதும் சொந்த வாசலில் சிப்பாய் நிற்பதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அதே காலத்தில் இண்டியானாபொலிஸில் செங்கல் பதித்த மூடிய ஓடுபாதை தயாராகி, 1911இல் முதல் ஐந்நூறு மைல் பந்தயம் நடந்துவிட்டது. சுற்றிவர மதில், நுழையச் சீட்டு. வியாபாரிகளுக்கு விஷயம் உடனே விளங்கிற்று: பொது வீதியில் இரண்டரை இலட்சம் பேர் இலவசமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், மதிலுக்குள் வைத்தால் ஆளுக்கு ஒரு டொலர். வீதிப் பந்தயம் அமெரிக்காவில் மறைந்ததற்குச் சாவுகளை மட்டும் காரணம் காட்டுகிறவர்கள் இந்தச் சீட்டுப் பணத்தை மறந்துவிடுகிறார்கள். இண்டியானாபொலிஸிலும் ஆட்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். லோங் ஐலண்டில் முதற் கிண்ணம் ஓடிய அதே 1904இல்தான் இலங்கையில் ஓட்டோமொபைல் சங்கம் தொடங்கிற்று. கார் வைத்திருந்தவர்கள் அநேகமாக வெள்ளைக்காரத் துரைமார். அவர்களுடைய பழக்கவழக்கம் பிரித்தானியப் பழக்கவழக்கம். பொது வீதியை மூடிப் பந்தயம் வைப்பது அந்த மரபிலே இல்லை. 1925இல் இங்கிலாந்தின் கொப் ஹில் மலையேற்றத்தில் கார் மோதிப் பார்வையாளர் ஒருவருடைய கால் முறிந்ததும், பொது வீதியில் அதுவரை நடந்துவந்த மலையேற்றங்களுக்கும் மோட்டார் கழகம் அனுமதி கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. தனியார் காணிக்குள் ஓடும் மலையேற்றம் மட்டும் மிஞ்சிற்று.

தனியார் காணி, ஏற்றம், வளைவு: இந்த மூன்றும் எங்கே இருக்கின்றன? நுவரெலியாவில். 1934இல் மாகாஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துக்குள்ளே ஏறிச் செல்லும் பாதை. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகும், கடிகாரத்தோடு மட்டும் போட்டி. தோளோடு தோள் முட்டி ஓடுவதில்லை என்பதால் ஆபத்துக் குறைவு. ஏப்ரல் மாத வசந்த காலத்தில் நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்குக் குதிரைப் பந்தயம், பூக்கண்காட்சி, கூடவே இது. உலக யுத்தம், சுதந்திரம், தோட்டங்கள் அரசுடைமையானது எல்லாவற்றையும் தாண்டி அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது. தெற்காசியாவிலே இவ்வளவு பழைய மோட்டார் போட்டி அபூர்வம்.

தனியார் காணி என்று சொன்னேனே, அந்தச் சொல்லில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. தோட்டத்துப் பாதையை மூட எந்த மேற்பார்வையாளர் சபையிடமும் போக வேண்டியதில்லை, ஒட்டிய அறிவித்தலைக் கிழிக்க ஊர்ச் சங்கமும் இல்லை. துரை சொன்னால் மூடும். அந்தப் பாதையை வெட்டியவர்கள் யார்? மலையகத்தின் பெரிய வீதிகள் 1832க்கு முன்னர் இராஜகாரியம் என்ற கட்டாய வேலையாலும், அதற்கு முன்னும் பின்னும் பயோனியர் படையாலும் வெட்டப்பட்டவை. தோமஸ் ஸ்கின்னர் பதினாறு வயதிலே வீதி வேலையில் இறங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதிலேயே இருந்து பெயர் வாங்கினார். கடுகண்ணாவைக் கணவாயில் கப்டன் டோசனுக்குக் கோபுரம் நிற்கிறது. மண் சுமந்தவர்களுக்குக் கோபுரம் இல்லை. தோட்டங்களுக்குள்ளே கிளைபிரிந்து போகும் பாதைகளோ தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த நம்மவர்களின் கைவேலை. கூடையும் மண்வெட்டியும் கொண்டு மலையைச் செதுக்கி வளைவு வைத்தவர்கள் அவர்கள். சவான்னாவின் கைதிகளையும் மலையகத்துக் கூலிகளையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. வீதியின் அழகைப் புகழ்கிற இரண்டு இடத்திலும் அதைச் செய்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவில் டயர் கிறீச்சிடும்போது லயத்து வாசலில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு அந்தப் பாதை பாட்டன் வெட்டிய பாதை.

யுத்தம் முடிந்த பிறகு களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் சும்மா கிடந்தது. அங்கே ஓடினார்கள். இங்கிலாந்திலும் அதே கதைதான், சில்வர்ஸ்டோன் பழைய விமானத்தளம். சென்னைப் பக்கத்தில் சோழவரமும் யுத்தகால ஓடுதளம். பிறகு நம் நாட்டில் பந்தயம் இராணுவத்தின் கைக்குள் போயிற்று. தியத்தலாவையில் ஃபொக்ஸ்ஹில், மின்னேரியாவில் கன்னர்ஸ், சாலியபுரவில் கஜபா, சீகிரியாவில் விமானப்படை. காணி, ஆள், ஒழுங்கு மூன்றும் படைகளிடம் இருந்தன. விளையாட்டு ஆர்வலர்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பொது வீதிக்குப் பந்தயம் வந்தது வேறொரு காலத்தில். உள்நாட்டுப் போர் முடிந்து 2010களின் தொடக்கத்தில் கொழும்பில் இரவுநேரக் காரோட்டம் நடந்தது, காலிமுகத்திடலை அண்டிய வீதிகளில், பெரும் விளக்கொளியில். அதிகாரத்தின் ஆசி இல்லாமல் அந்த வீதிகள் மூடப்பட்டிருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அதிலே வேகம் பிரமிப்பாகத் தெரியவில்லை. கோட்டைப் பகுதி வீதிகள் மூடப்பட்டிருப்பது நமக்குப் பழக்கமானது. ஆண்டுக்கணக்கில் அவை பாதுகாப்புக்காக மூடியிருந்தன. தடுப்புக் கம்பி, மண்மூட்டை, அடையாள அட்டை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போன ஒரு தமிழர் எத்தனை இடத்தில் இறங்கி நடந்திருப்பார் என்று இங்கே கேட்டால் கை உயர்த்த ஆட்கள் இருக்கிறார்கள். அந்தத் தடுப்புகள் எடுபட்டுச் சற்றுக் காலத்தில் அதே தெருக்களில் பந்தயத்துக்கு வேறு தடுப்பு வந்தபோது, சிலர் கொண்டாட்டம் என்றார்கள். மற்றவர்கள் வழக்கம்போலச் சுற்றுவழியில் போனார்கள். மரீன் டிரைவில் நள்ளிரவில் மோட்டார் சைக்கிள்கள் உறுமுகிற பந்தயத்துக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை, அது தானே நடக்கிறது. அதைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

பந்தயத்துக்குப் பொது வீதியை மூடுகிற விஷயம் சென்னையில் திறந்த வழக்காடலாக நடந்தது, அந்த அளவில் நல்லது. தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை எல்லாம் சேர்த்து 3.5 கிலோமீற்றர் சுற்று. முதலில் 2023 டிசம்பருக்கு வைத்தார்கள், மிக்ஜாம் புயலில் நகரமே மூழ்கியதால் தள்ளிப்போயிற்று. பொதுப் பணத்தையும் பொது வீதியையும் இதற்குக் கொடுக்கலாமா என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. பக்கத்திலே பெரிய அரசாங்க மருத்துவமனை இருக்கிறதே, அம்புலன்ஸ் எப்படிப் போகும் என்பது கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று. 2024 ஓகஸ்ட் 31இல் தொடங்க வேண்டியது, அனைத்துலக ஓட்டோமொபைல் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று தாமதமாகி, மறுநாள்தான் பந்தயங்கள் ஓடின. லோங் ஐலண்டின் விவசாயிகள் 1904இல் கேட்ட அதே கேள்வியை 120 வருடம் கழித்துச் சென்னைவாசிகள் கேட்டார்கள். இம்முறை குறைந்தபட்சம் பதிலில் நிபந்தனைகள் இருந்தன. நாய்களைக் கட்டச் சொன்ன அந்த அறிவித்தலும் பழங்கதையாகிவிடவில்லை. 2011இல் டில்லிக்கு அருகே நடந்த முதலாவது இந்தியன் கிராண்ட் பிரீயின் முதல் பயிற்சியே ஓடுபாதையில் ஒரு தெருநாய் புகுந்ததால் நிறுத்தப்பட்டது.

2024 ஏப்ரல் 21, தியத்தலாவை. இதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் ஃபொக்ஸ்ஹில் நடந்தது. பெருங்கூட்டம். ஒரு கார் பாதையோரம் புரண்டது. மஞ்சள் கொடி காட்டினார்கள். அதற்குள் இன்னொரு கார் கட்டுப்பாட்டை இழந்து சனத்துக்குள் புகுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், எட்டு வயதுச் சிறுமியும் போட்டி உதவியாளர்களும் அதில் அடக்கம். இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். அது பொது வீதியல்ல, இராணுவத்தின் கட்டுப்பாட்டில் உள்ள தனிப் பாதை. நான் இதுவரை சொன்ன தர்க்கப்படி பார்த்தால் இந்த விபத்து நடந்திருக்கக் கூடாது: மூட வேண்டிய வீதி இல்லை, ஒதுக்க வேண்டிய ஊர்ச் சனம் இல்லை, துப்பாக்கி ஏந்தியவர்களுக்குக் குறைவும் இல்லை. ஆனால் சனம் நின்ற இடம் 1906இல் நின்ற இடம்தான், பாதையின் விளிம்பு. இண்டியானாபொலிஸின் வியாபாரிகள் மதிலைக் கட்டியது பணத்துக்காக. பணம் வாங்காத இடத்தில் மதிலும் இல்லாமல் போயிற்று. இலவசம் என்பது தாராளம் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். அதன் இன்னொரு முகம் பார்வையாளரின் உயிருக்கு யாரும் கணக்கு வைக்காதது. சீட்டு விற்றவன் அந்தச் சீட்டுக்குப் பொறுப்பு. இங்கே விபத்தின் பின் முதலில் கைதானவர்கள் சாரதிகள்.

2034இல் மாகாஸ்தோட்டைக்கு நூறு வயதாகும். விழா எடுப்பார்கள், மலர் வெளியிடுவார்கள், எந்த வருடம் யார் எந்தக் காரில் எத்தனை செக்கனில் ஏறினார்கள் என்ற பட்டியல் அதில் இருக்கும். கழகங்களிடம் பதிவு இருக்கிறது, அது வந்துவிடும். லயத்து வாசலிலிருந்து பார்த்தவர்களின் கதை எங்கும் பதிவில் இல்லை. போட்டி நாளில் கொழுந்துக்குப் போனார்களா, அன்றைய சம்பளத்துக்குப் பேர் போட்டார்களா, பாதை மூடியிருந்தபோது பிள்ளைப்பேற்றுக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் எந்த வழியில் போனார், பந்தயத்துக்கு முதல் நாள் பாதை கூட்டியவர்களுக்கு என்ன கொடுத்தார்கள். இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், எல்லாரும் எண்பதைத் தாண்டியவர்கள். இந்த அறக்கட்டளை வருடம் ஒரு சொற்பொழிவுக்குச் செலவிடுகிற பணத்தில் ஒரு பகுதியை, பதிவு செய்யும் கருவியோடு அங்கே போய் இருக்கக்கூடிய இரண்டு மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்று அதை நடத்தும் குடும்பத்தினரிடம் கேட்டுக்கொள்கிறேன். யாரை அனுப்பலாம் என்பதைப் பற்றி அவைத் தலைவருடன் ஏற்கெனவே பேசியிருக்கிறேன். மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கேள்விகளுக்கு நேரம் வைத்திருக்கிறார்கள். பஞ்சிகாவத்தை நண்பர்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் போதும்.